எட்டு பத்துக்கு மாறிய வேகம்

பொன்மலையிலிருந்து வந்த லிசி ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். டப்பாவில் உள்ளங்கையளவு கம்ப்யூட்டர் போர்டும் அதன் மெமரி கார்டும் இருந்தன.

"என் வீட்டுக்காரரோட சினேகிதர் தாயுமானவன் அண்ணன் செஞ்சு கொடுத்தது மேடம். பழைய வீடியோ கேம் எல்லாம் இதை வச்சு டிவியில விளையாடலாம். இப்ப செத்துப்போச்சு. கெடுத்தது யாருன்னு எனக்குத் தெரியணும்."

எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற மட்டுவார்குழலி, வடக்கு உத்திர வீதி மாடியறையில் இத்தகைய புதிர்களை விசாரித்து வந்தார். உதவிக்கு அவருடைய பழைய மாணவி ரேஷ்மா.

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அண்ணன்தான் ஓவர்கிளாக் பண்ணி, அதாவது வேகத்தை அளவுக்கு மேல ஏத்தி, கெடுத்துட்டார்னு சொல்றார். ஈஸ்டர் அன்னைக்கு அவர் எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அன்னைக்கு ராத்திரி எட்டு பத்துக்கு செட்டிங் மாறினதா கார்டுல தேதி இருக்கு. என் வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்புல அவங்க ரயில்வே ஒர்க்‌ஷாப் குரூப்ல போட்டுட்டார். அண்ணன் பாலக்கரையில இதே மாதிரி பெட்டி செஞ்சு விக்கிறவர். ஆர்டர் எல்லாம் நின்னுபோச்சு. கடையை மூடிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போறாராம். அவங்க வீட்டம்மாவைப் பார்த்து நானும் முகத்தைத் திருப்பிக்கிட்டேன் மேடம். இப்ப மனசு உறுத்துது."

"ஈஸ்டர் அன்னைக்கு நடந்ததை வரிசையா சொல்லுங்க."

"எட்டு மணி வரைக்கும் விளையாடினாங்க. அப்ப கரண்ட் போயிடுச்சு. மெழுகுவத்தி வச்சுத்தான் சாப்பிட்டோம். ஒன்பதரைக்கு அண்ணன் கிளம்பின பிறகுதான் வந்துச்சு. மறுநாள் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினவங்க கேபிளை அறுத்துட்டாங்க. ரெண்டு வாரம் நெட் இல்ல. அந்த ரெண்டாவது வாரத்துலதான் பெட்டி செத்துது."

லிசி போனதும் ரேஷ்மா கார்டை லேப்டாப்பில் செருகினாள். ஆயிரத்தைந்நூறு மெகாஹெர்ட்ஸாக இருக்க வேண்டிய வேகம் இரண்டாயிரமாகியிருந்தது. அடுத்த வரியில் வோல்டேஜ் ஆறு படி ஏற்றப்பட்டிருந்தது. தேதி, லிசி சொன்னதேதான்.

"அப்ப தாயுமானவன்தான் மேடம்!"

"இந்த ரெண்டு வரியைப் பத்தி யார்கிட்டயும் பேசாத," என்றார் குழலி.

மறுநாள் மாலை லிசியின் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். தாயுமானவன் கதவோரமாக உட்கார்ந்தார். லிசியின் கணவர் பெனடிக்ட் யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

"எனக்கு இந்த செட்டிங் எல்லாம் தெரியாதுங்க. தேதியை மட்டும்தான் பார்த்தேன்."

"அந்தத் தேதிதான் பொய்," என்றார் குழலி. "இந்த போர்டுல கடிகாரத்துக்குப் பேட்டரி கிடையாது. நெட் இருந்தா சரியான நேரத்தை வாங்கிக்கும். இல்லாட்டி, கடைசியா குறிச்சு வச்ச நேரத்துல இருந்து மறுபடி எண்ணும்."

ரேஷ்மா துள்ளினாள். "ஈஸ்டர் அன்னைக்கு எட்டு பத்துக்கு வீட்டுல கரண்டே இல்லையே!"

"ஆமா. நெட் இல்லாத நாள்ல யாரோ மாத்தியிருக்காங்க. எட்டு மணிக்கு நின்ன கடிகாரம் அங்கிருந்தே எண்ணியிருக்கு; போர்டுக்கு அன்னைக்கும் ஈஸ்டர்தான்." குழலி தாயுமானவன் பக்கம் திரும்பினார். "ஒண்ணுதான் புரியல. வேகத்தை மட்டும் இவ்வளவு ஏத்தினா உடனே நின்னுபோயிருக்குமே, எப்படி ஓடுச்சு?"

"அதுக்குத்தான் வோல்டேஜையும் ஆறு ஏத்தணும்…" என்ற பெனடிக்ட் சட்டென்று நிறுத்தினார்.

"தேதியை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஆறு எப்படித் தெரியும்?"

பெனடிக்ட் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

"கார் ரேஸ் கேம் திக்கித் திக்கி ஓடுச்சு. போன்ல யூடியூப் பார்த்து ஏத்தினேன். சூடேறிச் செத்துப்போச்சு. வேகத்துல கை வைக்காதேன்னு இவன் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தான். அந்தத் தேதியைப் பார்த்ததும் தப்பிச்சிடலாம்னு தோணுச்சு. குரூப்ல போட்டுட்டேன். அப்புறம் உண்மையைச் சொல்ல வாய் வரல."

அங்கேயே போனை எடுத்து, எல்லாவற்றையும் அதே குரூப்பில் எழுதினார். இரண்டுமுறை அழித்து எழுத வேண்டியிருந்தது.

தாயுமானவன் மெல்லச் சொன்னார்: "போட்டோவுல அந்த நேரத்தைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும், பெனடிக்ட்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்."

"ஓசூருக்குப் போகாதடா."

"கடைச் சாவியை நேத்தே கொடுத்துட்டேன்."

லிசி காபி கொண்டுவந்தாள். "மன்னிச்சிடுங்க அண்ணே" என்று டம்ளரை நீட்டினாள். தாயுமானவன் மறுக்காமல் வாங்கி, கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுந்தார். பெனடிக்டின் டம்ளரில் காபி ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது.