பச்சை படியாத பானை

செல்போன் அடித்தபோது பிளஸ்ஸி தோசைக்கல்லில் மாவை ஊற்றியிருந்தாள்.

மணி ஆறு நாற்பது. திரையில் 'ஜோ' என்று வந்தது.

"என்னப்பா, அதுக்குள்ள பசிக்குதா?"

மறுமுனையில் யாரோ அதட்டும் சத்தம்.

"ஜோ...?"

"பிளஸ்ஸி... வினோத் செத்துட்டான்."

கையிலிருந்த தோசைக்கரண்டி அப்படியே நின்றது.

"என் கையெல்லாம் ரத்தம். போலீஸ் வந்திருக்கு. நான்தான் அடிச்சேன்னு சொல்றாங்க. நீ கொஞ்சம் வாயேன்..."

யாரோ போனைப் பிடுங்கினார்கள். லைன் செத்தது.

தோசை கருகியது. பிளஸ்ஸி அடுப்பை அணைத்தாளா என்பதே அவளுக்கு நினைவில்லை. ஸ்கூட்டர் சாவியையும் கைப்பையையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சேலையூரிலிருந்து கீழ்க்கட்டளைக்கு இருபது நிமிஷம். கேம்ப் ரோட்டில் பால் வண்டி, தண்ணீர் லாரி, ஸ்கூல் வேன்... எதுவுமே அவள் கண்ணில் படவில்லை. காதில் ஒரே ஒரு குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று காலை ஐந்து ஐம்பதுக்கு கணவன் ஜோனத்தானின் போனில் வந்த குரல். தூக்கக் கலக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டிருந்தான். படுக்கையில் இருந்தபடியே அவளும் கேட்டாள்.

"சார், பானை ஒண்ணு வந்துகீது சார். வாய மூடிகினுதான் கீது. நான் கைய வைக்கல. நீயே வந்து பாரு."

வினோத்குமார். ஜே.சி.பி. டிரைவர். ஜோனத்தான் இன்ஜினியராக இருக்கும் அடுக்குமாடிக் கட்டட சைட்டில் அஸ்திவாரம் தோண்டுபவன். ரோட்டில் டிராபிக் சேருவதற்குள் மண்ணை அள்ளிவிட வேண்டும் என்று, விடிவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடுவான். இரவில் சைட்டிலேயே ஷெட்டில் படுக்கை. மற்ற ஆட்கள் எட்டு மணிக்குத்தான் வருவார்கள்.

பானை கிடைத்தால் கை வைக்கக்கூடாது, உடனே கூப்பிட வேண்டும் என்ற சட்டம் ஜோனத்தான் போட்டது. ஜோனத்தானுக்கு அதைப் போட்டவள் பிளஸ்ஸி.

தாம்பரத்தில் ஒரு தொல்லியல் அறக்கட்டளையில் ஆறு வருஷமாக அவளுக்கு ஒரே வேலைதான். உடைந்த பானைகளைத் துண்டு துண்டாகப் பொறுக்கி ஒட்டுவது. கடல் தாண்டி வந்த ரோமானியப் பானைகள் என்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். 'ரெண்டாயிரம் வருஷத்துப் பானைமேல காட்டுற அக்கறையில பாதியை என்மேல காட்டக்கூடாதா?' என்று ஜோனத்தான் வாரத்துக்கு ஒரு தரமாவது கேட்பான்.

இன்று அவனுக்கே அந்த அக்கறை தேவைப்பட்டது.

சைட் வாசலில் ஜீப் நின்றது. ஜீப்பின் பின் சீட்டில், சட்டையெல்லாம் ரத்தமாக, ஜோனத்தான்!

அவளைப் பார்த்ததும் அவன் முகம் குழந்தை முகம் மாதிரி உடைந்தது.

"உயிர் இருக்கான்னு பார்க்கத்தான் தூக்கினேன், பிளஸ்ஸி. சத்தியமா..."

"எனக்குத் தெரியும். நீ பேசாம உட்காரு."

சப்-இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி குறுக்கே வந்தாள். நாற்பது வயது. இரும்புக் கம்பி மாதிரி உடம்பு. நடந்ததை நாலே வரியில் முடித்தாள்.

பள்ளத்தில் வினோத். பின்மண்டையில் கடப்பாரை அடி. பக்கத்தில் உடைந்த பானை, முப்பது செம்புக் காசு. பிணத்தை மடியில் போட்டுக்கொண்டு ஜோனத்தான். காசைப் பங்கு போடுவதில் தகராறு.

"இத்தனைக்கும் சாட்சி இருக்கு மேடம்."

அவள் காட்டிய திசையில், சைட்டை ஒட்டிய பழைய வீட்டின் பின்வாசலில், ஒரு அம்மா நின்றிருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். பெயர் அபிதகுஜாம்பாள். இந்த நிலமே அவர்களுடையதுதான். தோட்டத்தைக் கட்டடம் கட்டக் கொடுத்துவிட்டு, வீட்டை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்கள். சமையல்கட்டு ஜன்னல் வழியாக, இன்ஜினியரும் டிரைவரும் கத்திச் சண்டை போட்டதைப் பார்த்தாளாம். போலீசுக்கு போன் செய்தவளும் அவள்தான்.

பிளஸ்ஸிக்கு ஒரு சொம்பு தண்ணீரைக்கூடக் கொண்டுவந்து நீட்டினாள். "குடிம்மா. இந்த வயசில உனக்கு இப்படி ஒரு கஷ்டமா..."

பிளஸ்ஸி தண்ணீரை வாங்கினாள். குடிக்க முடியவில்லை.

"மேடம், அந்தப் பானையை ஒரு தடவை பார்க்கலாமா?"

"எதுக்கு?"

"என் வேலையே அதுதான்."

சாமுண்டீஸ்வரி யோசித்தாள். தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வர பத்து மணியாகும். தடயவியல்காரர்கள் கிண்டி தாண்டி டிராபிக்கில் மாட்டியிருந்தார்கள். அவர்கள் வந்து போனதும் ஜோனத்தானை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், சாயங்காலத்துக்குள் ரிமாண்ட்.

"நீங்க அவரோட வைஃப். நீங்க என்ன சொன்னாலும் எந்தக் கோர்ட்டும் கேட்காது."

"என்னைக் கேட்க வேண்டாம். பானையைக் கேளுங்க."

என்ன நினைத்தாளோ, சாமுண்டீஸ்வரி ஒதுங்கி வழி விட்டாள். "கண்ணால மட்டும் பாருங்க. கை வெச்சா உங்களையும் ஏத்திடுவேன்."

பள்ளத்தில் வினோத்தின் மேல் ஒரு தார்ப்பாய். வெளியே ஒரு ரப்பர் செருப்பு. பிளஸ்ஸி ஒரு நிமிஷம் கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, பானை கிடந்த பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

ஆறு துண்டுகள். பழைய உடைசல் இல்லை. விளிம்பெல்லாம் புத்தம் புதுசு. களிமண்ணில் பொட்டுப் பொட்டாகக் கருமணல். இத்தாலிக் கரையோரத்து எரிமலை மணல். சந்தேகமே இல்லை... கப்பலில் வந்த ரோமானியப் பானை!

அலங்காரம் எதுவும் இல்லாத சமையல் பானை. இது காசுப் பானைதான் என்ற நம்பிக்கையே அதில்தான் அவளுக்கு வந்தது. காசைப் புதைக்கிறவன் அழகான ஜாடியைத் தேடமாட்டான். அடுப்படியில் கைக்குக் கிடைத்ததில் போட்டு, வாயை மூடி, குழி தோண்டிவிடுவான். அவள் ஒட்டிய காசுப் பானைகள் எல்லாமே அப்படித்தான்.

துண்டுகளின் உள்பக்கத்தை உற்றுப் பார்த்தாள்.

பார்த்தாள்... மறுபடி பார்த்தாள்.



"மேடம், இங்க வந்து உட்காருங்க."

"என்ன?"

"இந்தக் காசெல்லாம் என்ன நிறம்?"

"பச்சை. களிம்பு ஏறியிருக்கு."

"பானைக்கு உள்பக்கம்?"

சாமுண்டீஸ்வரி குனிந்தாள். "செங்கல் நிறம்."

"செம்புக் காசு ரெண்டாயிரம் வருஷம் ஒரு பானைக்குள்ள கிடந்தா, அந்தக் களிம்பு பானையிலயும் இறங்கும். தேய்ச்சுக் கழுவினாலும் போகாது. நான் கழுவிப் பார்த்திருக்கேன். இதுல ஒரு பொட்டுப் பச்சைகூட இல்லை."

சாமுண்டீஸ்வரியின் புருவம் சுருங்கியது.

"இன்னும் ஒண்ணு. அந்த அடித் துண்டுல ஒரு மண் கட்டி ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க. நான் தொடமாட்டேன். நீங்களே திருப்புங்க."

கையுறை போட்ட கை மண் கட்டியைத் திருப்பியது. அதில் வட்டமாக ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு மூக்கு, ஒரு தாடை, தலையைச் சுற்றி இலை வளையம்... ஏதோ ஒரு ராஜாவின் முகம் மண்ணில் அப்படியே பதிந்திருந்தது.

"இப்ப ஒரு காசை எடுத்து அந்தப் பள்ளத்துல வையுங்க."

வைத்தாள். செம்புக் காசு சட்டைப் பொத்தான் அளவு. பள்ளம் ஒரு ரூபாய் நாணயம் அளவு. காசு உள்ளே விழுந்து லொடலொடவென்று ஆடியது.

"அப்படின்னா..." சாமுண்டீஸ்வரியின் குரல் இறங்கியது.

"இந்தக் காசு இந்தப் பானையில இருந்ததே இல்லை மேடம். இருந்தது வேற. பெரிசு. எத்தனை வருஷம் மண்ணுல கிடந்தாலும் களிம்பே ஏறாதது."

"தங்கம்!"

"அதைத்தான் யாரோ எடுத்துக்கிட்டாங்க. பானை கிடைச்சது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். வெறும் பானையா இருந்தா, உள்ள இருந்தது எங்கேன்னு எல்லாரும் தேடுவாங்க. தேடக்கூடாதுன்னு செம்பைக் கொட்டியிருக்காங்க."

சாமுண்டீஸ்வரி சுலபத்தில் விடவில்லை. அந்தத் தங்கத்தை ஜோனத்தானே ஏன் ஒளித்து வைத்திருக்கக்கூடாது என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி.

பிளஸ்ஸி குனிந்து காசுகளின் அருகே முகத்தைக் கொண்டுபோனாள். மண் வாசனை வரவில்லை. வேறு ஏதோ... கல்யாணப் புடவை எடுக்க மாமியார் புஷ்பத்தின் பீரோவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அதே வாசனை.

"மேடம், மோந்து பாருங்க."

சாமுண்டீஸ்வரி மோந்தாள். விழிகள் விரிந்தன.

"பாச்சை உருண்டை!"

"இன்னிக்குக் காலையில மண்ணுலேர்ந்து வந்த காசுல பாச்சை உருண்டை வாசனை எப்படி வரும்? இது ஏதோ ஒரு பீரோவுல, பட்டுப்புடவையோட பல வருஷம் இருந்த காசு. இந்தப் பக்கத்துல பழைய காசு சேர்க்கிறவங்க யாராவது இருக்காங்களா?"

பதில் கான்ஸ்டபிள் தனக்கோடியிடமிருந்து வந்தது. "இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? இந்த வூட்டு ஓனரே அதுக்குப் பேர் போனவருதான். சத்யநாராயணன் சாரு. முப்பது வருசமா ரோமாபுரி காசா வாங்கி அடுக்கிகினு கீறாரு."

எல்லாத் தலைகளும் பழைய வீட்டின் பக்கம் திரும்பின.

அபிதகுஜாம்பாள் அசையவில்லை. தன் புருஷன் ஊரிலேயே இல்லை என்றாள். இன்றைக்கு சுவாதி நட்சத்திரம். நரசிம்மரைப் பார்க்க முதல் ரயிலுக்கே சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்விட்டாராம், நாலு பேரோடு.

சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது.

கையில் துளசி மாலையும் தொன்னைப் புளியோதரையுமாக சத்யநாராயணன் இறங்கினார். ஜீப்பைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார். கடைசியாக, மண்ணில் கிடந்த காசுகளைப் பார்த்தார்.

இதோ இப்போது பொய் சொல்லப்போகிறார் என்று பிளஸ்ஸி நினைத்தாள்.

புளியோதரை கீழே விழுந்தது.

"ஐயோ, இது என் காசு மேடம்! அந்த விளிம்பு உடைஞ்சது கரூர்ல வாங்கினது. இதை யார் இங்க கொண்டுவந்து கொட்டினது?"

பிளஸ்ஸி திகைத்துப் போனாள். கொலைகாரன் இப்படியா ஓடிவந்து சொந்தம் கொண்டாடுவான்?

சாமுண்டீஸ்வரி நிதானமாகக் கேட்டாள். "இதை எங்க வெச்சிருந்தீங்க சார்?"

"பீரோவுல. ஆல்பத்துல."

"பீரோ சாவி?"

"அது எப்பவும் இவ இடுப்புல..."

அவர் பாதியில் நிறுத்தினார். மெல்ல மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அபிதகுஜாம்பாளின் கை தானாக இடுப்புக்குப் போயிருந்தது!

ஐந்தே நிமிஷம். படுக்கையறை பீரோவைத் திறந்தார்கள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே ஆல்பம். பக்கத்துக்குப் பக்கம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள். செம்பு இருந்த பைகளில் எல்லாம் இப்போது ஈரமண் ஒட்டிய தங்கம். தாடையும் மூக்குமாக ராஜாக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அபிதகுஜாம்பாள் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, யாரிடமோ பேசுவது மாதிரி பேசினாள். பானை வந்த சத்தம் கேட்டுப் போனாளாம். அங்கே கிடந்த கடப்பாரையால் மூடியை நெம்பிப் பார்த்தாளாம். இன்ஜினியர் சார் வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று வினோத் பிடிவாதமாகச் சொன்னானாம். சொல்லிவிட்டு, மூடியைத் திரும்ப வைக்கக் குனிந்தானாம்.

"என் வளையல், என் சங்கிலி, என் அம்மா போட்ட ஒட்டியாணம்... ஒவ்வொண்ணா வித்து செம்பா வாங்கி அடுக்கினார். முப்பது வருஷம். இன்னிக்குத்தான் மண்ணே எனக்குத் திருப்பிக் கொடுத்துச்சு. அதையும் போய் கவர்மெண்டுக்குக் கொடுக்கணும்னு அவன் சொன்னா..."

"கலெக்டர் ஆபீஸ்ல சொல்லியிருந்தா, நிலத்துக்காரங்கன்னு உங்களுக்கும் சட்டப்படி ஒரு பங்கு வந்திருக்கும்மா," என்றாள் பிளஸ்ஸி மெதுவாக.

அபிதகுஜாம்பாள் நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் முதல் தடவையாக நீர் வந்தது.

ஜீப்பில் இடம் மாறியது. ஜோனத்தான் இறங்கினான். அந்த அம்மா ஏறினாள்.

ஜோனத்தான் தெருக்குழாயில் வெகுநேரம் கையைக் கழுவினான். பிளஸ்ஸி தன் துப்பட்டாவால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். வினோத்தின் மனைவி துர்காவிடம் தான்தான் போய்ச் சொல்ல வேண்டும், அவன் எதற்காகச் செத்தான் என்பதும் அவளுக்குத் தெரியவேண்டும் என்றான்.

"நானும் வரேன்," என்று பிளஸ்ஸி அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி வலித்தது. அவன் விடச் சொல்லவில்லை.

ஜீப் கிளம்பும் நேரம். சத்யநாராயணன் தட்டுத்தடுமாறி ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

பாவம், மனைவியிடம் கடைசியாக ஒரு வார்த்தை பேசப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அவர் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம்... என் செம்புக் காசு முப்பதும் எனக்கு எப்பத் திரும்பக் கிடைக்கும்?"

சாமுண்டீஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கேஸ் முடிய பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும் சார். ரெண்டாயிரம் வருஷம் பொறுத்த காசு... அது பொறுத்துக்கும். அம்மாதான் பாவம், முப்பது வருஷத்துக்கு மேல தாங்கல!"