செவ்வந்தியைத் தூக்கிய தாலாட்டி

"நேற்றிரவும் பால் கொடுத்திருக்கிறீர்கள். கருமுட்டைக்கு இன்னும் நேரம் வரவில்லை."

செவ்வந்தியின் மணிக்கட்டில் இருந்த சூல்வளை ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது. மிதக்கும் தூத்துக்குடியில் காய்கறிப் படகு வாசலுக்கு வந்திருந்த நேரம் பார்த்துத்தானா!

"கவலைப்படாதீங்கம்மா, எம் மக வளையும் இப்படித்தான் கத்திச்சு," என்றார் படகுக்காரர், வெண்டைக்காயை நிறுத்தபடி.

வியர்வையைத் தொட்டே உடம்பின் சுரப்புகளைப் படித்துவிடும் வளை அது. பிள்ளை அடிக்கடி, அதுவும் இரவில், குடித்தால் சிலருக்குக் கருமுட்டை முதிர்வது தள்ளிப்போகும். சிலருக்குக் குடிக்கிற பிள்ளை மடியில் இருக்கும்போதே அடுத்தது தங்கிவிடும். செவ்வந்திக்குத் தங்கவில்லை. வயது முப்பத்தொன்பது. இன்னொரு பிள்ளைக்கு ஆசை.

"பேசாம பாலை நிறுத்திருட்டி," என்றான் கணவன் வேல்மயில்.

"நீங்க நிறுத்துங்க பாப்போம்! ராத்திரி மட்டும் குறைச்சுப் பாருன்னுதான் டாக்டரம்மா சொன்னாங்க."

அப்படித்தான் தாலாட்டி வீட்டுக்கு வந்தது. அழுகுரல் கேட்டால் போய் அள்ளிக்கொள்ளும் மெத்தைக்கை இயந்திரம். செவ்வந்தியின் வாசனை, உடம்புச் சூடு, சுருதி சேராத பாட்டு எல்லாம் அதற்கு உண்டு. ஒன்றரை வயது முகில் முதல் இரவே அசந்து தூங்கினான்.

காலையில் வளை மறுபடியும் காட்டிக்கொடுத்தது.

"பயல் முழிக்கவே இல்லையே! பின்ன யாரு குடிச்சா?"

"அவன்தான். நான்தான் எழுப்பிக் குடுத்தேன்," என்றாள் செவ்வந்தி. "மாரும் கனக்கு, மனசும் கனக்கு. என்னத்தச் செய்ய?"

"பிள்ளையப் பால் மறக்கடிக்க மெசினு வாங்கிட்டேன். உன்னை மறக்கடிக்க எந்தக் கடைக்குப் போவேன்டி?"

கடைக்குப் போகவில்லை. "இந்த வீட்டில் யார் அழுதாலும் தூக்கிக்கொள். தானாக விழிக்கும்வரை விடாதே," என்று தாலாட்டிக்கே ஆணையை மாற்றினான். அன்றிரவு மார் கனத்து விசும்பிய செவ்வந்தியை அது அள்ளிக்கொண்டது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கியதே இல்லை.

சில வாரம் சென்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் வளை பச்சையாக மின்னியது.

"கருமுட்டை தயார்! இன்று பொழுது சாய்வதற்குள் முயலுங்கள்!"

வேல்மயில் கையைக்கூடக் கழுவாமல் முகிலைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பக்கத்து வீட்டு அக்கா, "வளைச் சத்தம் இங்கயும் கேட்டுச்சு தம்பி, போங்க போங்க," என்று பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தால், சந்தோஷத்தில் அழுத செவ்வந்தி தாலாட்டியின் மெத்தைக்கையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏய், விடு அவளை! எம் பொண்டாட்டி!"

"உஷ்... அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்தார்கள்."

இழுத்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். சன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் விசும்பினான். கண்ணில் நீர் முட்டியது.

தாலாட்டி அவன் பக்கம் திரும்பி, இன்னொரு கையை நீட்டியது.