ஜோடி சேர்ந்த டிஸ்க்

கரண்டு கொடுக்கும் முன்பே அந்த ஹார்ட் டிஸ்க் வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் கிடந்திருக்கும் என்று நோயல் தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். வெளியே காலையிலிருந்து மழை.

தண்டையார்பேட்டைக் கிடங்கில் கேமராக்களைப் பார்த்துக்கொள்பவன் அவன். பதிவுப் பெட்டியில் இரண்டு டிஸ்க். ஒன்றில் விழுவது அப்படியே மற்றதிலும் விழும். ஒன்று செத்துப்போயிற்று. மிச்சமிருந்ததும் இருமிக்கொண்டிருந்தது. தம்பி வால்டரின் உயிர் அதில்தான் இருந்தது. கிடங்கு வாசலில் காவலாளி வரதனை யாரோ வெட்டிச் சாய்த்த நேரத்தில், வால்டர் உள்ளே மூட்டைமேல் வாயைப் பிளந்துகொண்டு தூங்கும் பதிவு. போலீஸ் அவனைத்தான் பிடித்து வைத்திருந்தது. பதிவை வாங்க வக்கீல் வந்துகொண்டிருந்தார். ஜோடி இல்லாமல் நகல் தரமாட்டேன் என்று பெட்டி அடம்பிடித்தது.

பழைய சாமான் கடை வைத்திருக்கும் மண்ணாங்கட்டி இரண்டு டிஸ்க்கைக் காட்டியிருந்தான்.

"இது புச்சு மாமு. ஆனா அளவுல ஒரு பொட்டு கம்மி, உன் பொட்டி வாணாம்னுடும். இது கொடுங்கையூர் குப்பைல பொறுக்குனது. அளவு கரீட்டு."

"உள்ள இன்னா கீது?"

"பாத்தவன் எவன் உயிரோட கீறான் நைனா, கேட்டுச் சொல்ல?"

உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அதற்கு விடியவிடிய ஆகும். நோயல் குப்பை டிஸ்க்கை அப்படியே மாட்டினான்.

ஈரச் சாக்கும் எலிமூத்திரமும் எண்ணூர்ச் சாம்பலும் கலந்து மணக்கும் அந்த அறையில், யாரோ எலும்பை நறநறவென்று சாவகாசமாக மெல்லுவதுபோல ஒரு சத்தம் பெட்டிக்குள் எழுந்து, மேசை வழியாக நாற்காலிக்கும், நாற்காலி வழியாக அவன் முதுகுத்தண்டுக்கும் ஏறிற்று. நகல் ஓடத் தொடங்கியது. தலைகீழாக. புதிதாக வந்த டிஸ்க், ஏற்கெனவே இருந்த டிஸ்க்மேல் எழுதியது.

பிடுங்கப் பார்த்தான். உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

திரையில், மூட்டைமேல் படுத்திருந்தவன் எழுந்தான். முகம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வால்டரின் முகம். கையில் வெட்டுக்கத்தி. வாசல். வரதனின் கழுத்து. ஒரு வெட்டு. இன்னொன்று.

போன் அடித்தது. வால்டரின் மனைவி ஜெனி.

"மாமா, ஸ்டேசன்ல அவரு கத்திகினே கீறாரு! கையெல்லாம் ரத்தம், கழுவக் கழுவ வந்துகினே கீது. நான்தான் வெட்னேன்றாரு மாமா!"

திரையில் வால்டர் திரும்பினான். படியேறினான். இதே அறை. நாற்காலியில் ஒருவன், முதுகைக் காட்டியபடி. கத்தி உயர்ந்தது. இறங்கியது.

நோயல் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. கதவு பூட்டியபடியே இருந்தது. நகல் முடிந்ததென்று பெட்டி பச்சை விளக்கு காட்டியது.

கீபோர்டில் ஒரு சொட்டு. சிவப்பு.

உச்சந்தலையைத் தடவினான். விரல்கள் உள்ளே போயின.