தலைகீழாய் வந்த கன்னியப்பன்

“கரண்டு இல்ல. மெஷின் ஓடல. ஆனா எங்க வீட்டு பெட்ரூம் சுவத்துல முழுக் கலர்ல படம் ஓடுச்சு. செத்துப்போன ஆளு ஹீரோ. கூட நடிச்சது யாரு தெரியுமா? இதோ பேப்பருக்குப் பின்னாடி ஒளிஞ்சிக்கினு இருக்காரே, நம்ம மரியதாஸ் வாத்தியாரு. தலைகீழா நடிச்சாரு.”

மரக்காணம் பேருந்து நிறுத்தத்து டீக்கடையில் சிவப்பிரகாசம் இதைச் சொன்னபோது ஒருவருக்கும் புரையேறவில்லை. அவரை ஊருக்குத் தெரியும். திண்டிவனம் ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் கழுவெளி ஏரியில் இருக்கிற கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறக்கும் என்பது அவரே கொடுத்த தகவல்.

“ஹீரோயின் யாருங்க?” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் வெங்கடாசலம்.

“எம் பொண்டாட்டி. அதாம்பா வில்லங்கமே.”

எல்லோரும் சிரித்தார்கள். மரியதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். மாதா கோயிலில் சாமியார் பிரசங்கம் செய்தாலே ஆதாரம் கேட்கிற ஆள். பேப்பரை மடிக்காமலே சொன்னார்: “வெயில் ஜாஸ்தி. கண்டக்டருக்கு ஒரு தொப்பி வாங்கிக் குடுங்கப்பா.”

சிவப்பிரகாசம் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெஞ்சில் சம்மணம் போட்டு, ஆரம்பத்திலிருந்து தொடங்கினார்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம் மாசி மாதத்தில் அவர் மனைவி பாக்கியலட்சுமி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவளுக்கு நடக்கும் ஆசையே விட்டுப்போயிற்று. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. “இப்படியே விட்டீங்கன்னா கை மீறிப்போயிடும். மனசுக்கு ஏதாவது உற்சாகம் குடுங்க” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பாக்கியலட்சுமிக்கு உற்சாகம் என்றால் ஒன்றுதான், சினிமா. அவள் கொட்டகைக்குப் போக முடியாது. அதனால் கொட்டகையைக் கட்டிலுக்குக் கொண்டுவருவது என்று சிவப்பிரகாசம் முடிவு செய்தார்.

சென்னையிலிருக்கும் மகன், தன் ஆபீசில் ஓரங்கட்டிய பழைய புரொஜெக்டர் ஒன்றை அனுப்பிவைத்தான். படுக்கையறையோ தீப்பெட்டி மாதிரி. மேஜையில் வைத்தால் படம் தபால்தலை அளவுக்கு விழுந்தது. எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு பெரிதாகும் என்றார் மரியதாஸ். பின்னால் போக இடமேது? கடைசியில், மகனுக்குத் தொட்டில் கட்டிய பழைய கொக்கி ஜன்னல் பக்கத்துக் கூரையில் கண்ணில் பட்டது. அதில் இரும்புச் சட்டம் மாட்டி மெஷினைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். மெனுவில் ஒரு பித்தானை அமுக்கினால் படம் நேராகிவிடும் என்று மரியதாஸ் கற்றுக்கொடுத்தார். இரண்டு ஸ்பீக்கர் எதிர்ச் சுவரோரம். இரண்டு, கட்டிலின் தலைமாட்டில்.

அந்தத் தலைமாட்டுக்கு மேலேதான் ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் உப்பளம். வெயிலில் அந்த வெள்ளை கண்ணைக் குத்தும். அதை அடைக்க, உப்புக் குவியலுக்குப் போடும் கறுப்புத் தார்ப்பாயை இரண்டு மடிப்பாக வைத்து ஆணியடித்தார். ஒரு ஆணி கோணிக்கொண்டது. பிடுங்கிப் பக்கத்தில் அடித்தார். பழைய துளை அப்படியே இருந்தது.

திரைக்குத் துணி வேண்டாம், சுவரே போதும் என்பது அவருடைய சொந்த யோசனை. சுண்ணாம்பில் ஒரு கூடை உப்பைக் கரைத்து அடித்தால் சுவரில் நன்றாகப் பிடிக்கும். சாதாரண உப்பாக இருந்தால் அவர் சிவப்பிரகாசம் ஆகிவிடுவாரா? மரக்காணத்திலேயே வெள்ளையான உப்பு எங்கே இருக்கிறது என்று தேடினார். அந்த ஜன்னலுக்கு எதிரே வரப்போரம் ஒரு குவியல் கேட்பாரற்றுக் கிடந்தது. கோடைமழையில் கழுவிக் கழுவிப் பால் மாதிரி இருந்தது. யாரும் தொடுவதில்லை. அதில் ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

அது கன்னியப்பனின் குவியல்.

கன்னியப்பன் அந்தப் பாத்திகளில் உப்பு வாருகிறவன். தலையில் பச்சைத் துண்டு, இழுத்து இழுத்து வைக்கும் இடது கால். மற்றவர்கள் வெயிலுக்கு முன்பே வேலை முடித்துக் கிளம்பிவிடுவார்கள்; இவன் மட்டும் உச்சிவெயில் வரை நிற்பான். பிறகு இதே ஜன்னலுக்கு வந்து, “யக்கா, மோர்” என்பான். விழுகிற வரை பாக்கியலட்சுமிதான் சொம்பை நீட்டுவாள். அந்தச் சித்திரையில் ஒருநாள் திடீரென்று மழை இறங்கியபோது குவியலுக்கு ஓலை போட ஓடினான். அவன்மேல் இடி விழுந்தது. குவியல் பாதி மூடியபடி நின்றது.

ஆனி மாதத்தில் ஒரு நண்பகல், முதல் காட்சிக்கு மரியதாஸ் வந்தார். கதவைச் சாத்தினார்கள். சுண்ணாம்பு வாசனை, தார்ப்பாயின் தார் வாசனை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, எதிர்ச் சுவரில் மெல்லப் படம் தெரிந்தது.

கீழே நீல வானம். மேலே வெள்ளை வெளேரென்று உப்பளம். குவியல்கள் கூரையிலிருந்து தொங்கின.

“யோவ், தலைகீழா இருக்குதே. மெனுவுல திருப்பி வையி” என்றார் மரியதாஸ்.

“எதைத் திருப்புறது வாத்தியாரே? காலையிலேந்து கரண்டே இல்ல.”

மரியதாஸ் சுவரையும் தொங்கிய மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு மரியதாஸ் தொடையைத் தட்டிச் சிரித்தார். தார்ப்பாயில் இருந்த ஆணித்துளையைக் காட்டினார். “ஊசித்துளை கேமராய்யா. வெளிய இருக்கிற வெளிச்சம் துளை வழியா வந்து எதிர்ச் சுவத்துல தலைகீழா விழுது. எட்டாங்கிளாஸ் பாடம். உன் வீடே ஒரு கேமரா ஆயிடுச்சு.”

சிவப்பிரகாசத்துக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு மாதமாகச் சிரிக்காத பாக்கியலட்சுமி சிரித்தாள். தலைகீழாகப் பறந்த கொக்கைக் காட்டிக் குழந்தை மாதிரி சிரித்தாள்.

சிரித்துக்கொண்டே கேட்டாள்: “இந்த வெயில்ல அளத்துல யாருங்க நிக்கிறது?”

தொலைவில், ஒரு குவியல் அருகே, புள்ளி மாதிரி ஒரு ஆள். தலைகீழாக.

“எவனாவது வேலை முடிக்காதவனா இருப்பான்” என்றார் மரியதாஸ்.

மறுநாள் நண்பகலில் அந்த ஆள் வரப்பின் நடுவில் இருந்தான். தலையில் பச்சை தெரிந்தது.

அதற்கடுத்த நாள் இன்னும் பெரிதாக இருந்தான். இடது காலை இழுத்தான்.

சிவப்பிரகாசம் பின்கட்டு வழியாக ஓடிப் போய்ப் பார்த்தார். உப்பளம் வெறிச்சோடிக் கிடந்தது. கானல் ஆடியது. வரப்பில் ஒரு காக்கைகூட இல்லை.

உள்ளே திரும்பினார். சுவரில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

பாக்கியலட்சுமி அவரைப் பார்க்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்: “சுண்ணாம்புக்கு உப்பு எங்கேந்து எடுத்தீங்க?”

“கடையிலதான்.”

“ஏங்க, நான் அளத்துக்காரன் பொண்ணு. கடை உப்பு இப்படி மின்னாது.”

அவர் சொல்லிவிட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“செத்தவன் விட்டுட்டுப் போன குவியலை யாரும் அள்ள மாட்டாங்க. மழையில அதுவாக் கரையணும். கரைஞ்சாத்தான் அவன் போவான். நீங்க வானூர்காரரு, உங்களுக்கு எங்க தெரியப்போவுது. அவன் உப்பை நனையாத எடத்துல பூசி வெச்சிருக்கீங்க. அதைத் தேடிக்கினு வர்றான்.”

“வந்தா இன்னா பண்ணுவான்?”

“மோர் கேப்பான். நான் எழுந்து குடுக்கணும். எழுந்துட்டா...” அவள் பார்வை காலுக்குப் போனது. காலை மெல்ல அசைத்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒருநாளும் அசையாத கால். “எழுந்துடுவேன் போல இருக்குதுங்க. அவன் கிட்ட வர வர எழுந்திருக்கத் தோணுது. அவன்கூடவே போவணும்னும் தோணுது.”

சிவப்பிரகாசம் கட்டில் காலைப் பிடித்தார். கட்டிலை வெளியே இழுக்கப் பார்த்தார். கொட்டகை போடுகிற வேகத்தில் அந்தக் கட்டிலை உள்ளேயே வைத்துப் பாகம் பாகமாகப் பூட்டியிருந்தார், வாசலில் நுழையாது. அவளைத் தனியே தூக்கினால் எலும்பு விலகிவிடும். தார்ப்பாயைப் பிடுங்கலாம் என்று கையை வைத்தார். “வேணாங்க” என்று அலறினாள். “பிடுங்கினா ஜன்னல் தொறந்துடும்.”

மரியதாஸுக்கு ஆள் அனுப்பினார்.

அடுத்த நாள் நண்பகலில் வந்த மரியதாஸ் எரிச்சலாக இருந்தார். “கானல்ய்யா. காத்து சூடானா வெளிச்சம் வளையும், இல்லாத ஆளு தெரியும். நான் போய் வரப்புல நிக்கிறேன். சுவத்துல நான் ஒருத்தன்தான் தெரிவேன். பாத்துட்டு வாயை மூடு.”

போனார்.

சிவப்பிரகாசம் கட்டிலில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சுவரில் மரியதாஸ் தலைகீழாக வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, குடை. குடையை ஆட்டினார். வெளியிலிருந்து குரல் வந்தது.

“யாருமில்லய்யா, நல்லாப் பாரு. நான் மட்டுந்தான்.”

அவருக்குப் பின்னால் பச்சைத் துண்டு தெரிந்தது.

சிவப்பிரகாசம் கத்த வாயைத் திறந்தார். விசிலால் கொக்கை எழுப்புகிறவரின் குரல், அன்றைக்கு ஒரு ஈயைக்கூட எழுப்பவில்லை.

சுவரில், கன்னியப்பன் கையைத் தூக்கி மரியதாஸின் தோளில் வைத்தான். வழியில் நிற்பவரை விலக்குகிற மாதிரி, மெதுவாக. விலக்கிவிட்டு வந்தான்.

கரண்டு இல்லை. ஆனாலும் எதிர்ச் சுவரோரம் இருந்த ஸ்பீக்கரில் சத்தம் கேட்டது.

ஈர உப்பில் கால் இழுபடும் சத்தம்.

சர்ர்... சர்ர்...

உருவம் பெரிதாகி வந்தது. இடுப்பு தெரியவில்லை. மார்பு தெரியவில்லை. பச்சை மட்டும் சுவர் முழுக்க.

சத்தம் எதிர் ஸ்பீக்கரில் நின்றது.

தலைமாட்டு ஸ்பீக்கரில் தொடங்கியது.

சுவர் இருண்டது. துளையை யாரோ வெளியிலிருந்து மறைத்துவிட்டார்கள். அவர்கள் இருவரின் தலைக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம், மூச்சு.

துளை வழியாக உப்பு சிந்தியது. பொடிப்பொடியாக, பாக்கியலட்சுமியின் தலைமுடியில்.

“யக்கா.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கணத்தில் சிவப்பிரகாசத்துக்கு எங்கிருந்து தெம்பு வந்ததோ. கட்டிலடியில் இருந்த குடத்தைத் தூக்கிச் சுவரில் வீசினார். தண்ணீர் வழிந்தது. சுண்ணாம்பு பாலாக இறங்கியது. நகத்தால் சுரண்டினார். “கரைச்சிட்றேன்டா கன்னியப்பா. உன்னுது உனக்கே. அவளை வுட்டுடு.” விரல் நுனியெல்லாம் ரத்தம். உப்பு அதில் எரிந்தது. அவர் நிறுத்தவில்லை.

முதுகுக்குப் பின்னால் மூச்சு நின்றது. துளையில் வெளிச்சம் வந்தது. பாக்கியலட்சுமி தலையணையில் சாய்ந்து அழுதாள்.

கதவைத் திறந்துகொண்டு மரியதாஸ் வந்தார். “இன்னாய்யா சுவத்தைப் பாழ் பண்ணிட்ட? நான்தான் ஒருத்தனும் இல்லன்னு சொன்னேனே.”

அவர் சட்டையின் வலது தோளில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

“வேர்வை” என்றார் மரியதாஸ்.

வழித்த சுண்ணாம்பை ஒரு துளி விடாமல் பாண்டுச் சட்டிகளில் அள்ளி, சிவப்பிரகாசம் அந்தக் குவியலிலேயே கொண்டுபோய்க் கொட்டினார். ஆடியில் பெரிய மழை பிடித்தது. விடிந்து பார்த்தால் குவியல் இருந்த இடம் தெரியவில்லை. சுவரில் இப்போது வேட்டியைக் கட்டித்தான் படம் ஓடுகிறது. பாக்கியலட்சுமி கைத்தடியோடு நடக்கிறாள், சண்டைக் காட்சிக்கு விசில் அடிக்கிறாள்.

“அவ்ளோதாம்பா படம்” என்று முடித்தார் சிவப்பிரகாசம்.

வெங்கடாசலம் டீ ஆற்றுவதை நிறுத்தியிருந்தார். “வாத்தியாரே, இந்த ஆளு சொல்றதுல ஒரு வார்த்தையாவது நெசமா?”

உச்சிவெயில் பேருந்து நிறுத்தத்தில் நேராக இறங்கிக்கொண்டிருந்தது. மரியதாஸ் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து, மேல் பித்தான்களைக் கழற்றி, சட்டையை ஒரு பக்கம் இறக்கினார். யாரும் எதிர்பார்க்கவில்லை; சிவப்பிரகாசமே எதிர்பார்க்கவில்லை.

தோளில், வெறும் தோலில், ஐந்து விரல்கள். உப்பு மணிகள் வெயிலில் மின்னின.

மரியதாஸ் பெஞ்சில் இருந்த தம்ளர் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். கரைந்து வழிந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் உலர்ந்தது. சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொன்றாக, மறுபடியும் வெள்ளை பூத்தது.

“தினம் மத்தியானம் இப்படித்தான்” என்றார். “கடல்ல குளிச்சேன். மாதா கோயில் தீர்த்தத்துல கழுவினேன். கண்டக்டர் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லலப்பா. நடந்தது நெசம்.”

பிறகு வெங்கடாசலத்திடம் திரும்பினார்.

“ஒரு மோர் குடுப்பா. எனக்கில்ல.”