பின்சீட்டில் கூவிய சேவல்

போன் அலறியது!

மூக்கர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி ஓடினார். போஸ்ட்மேனாகத்தான் இருக்கும். கோபம் தணிந்திருக்கும். 'டேய், டீ கொண்டு வரேன், கடையிலேயே இரு' என்பான்...

புது நம்பர்!

"கார் உள்ளே நாத்தம் எடுக்கிறது நீங்கதானா?"

"நான்தான் சார்..." குரல் தானாகவே இறங்கிப் போயிற்று.

"கண்ணாடியை மூடாம விட்டுட்டேன். ராத்திரி பூரா மழை உள்ளே அடிச்சிடுச்சு. ஒரே பூஞ்ச வாடை. சாயங்காலத்துக்குள்ள முடியுமா?"

"கொண்டு வாங்க."

போனை வைத்துவிட்டு, அலமாரியில் போஸ்ட்மேனுக்காகக் கவிழ்த்து வைத்திருந்த இரண்டாவது டம்ளரைப் பார்த்தார். அதன் மேல் தூசி படிய ஆரம்பித்திருந்தது.

மூக்கர் என்பது ஊர் வைத்த பட்டம். மழையில் நனைந்த காரின் கதவைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும்... தண்ணீர் எந்தப் பக்கத்துக் கார்ப்பெட்டுக்கடியில் பதுங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மூக்கு!

போன வருஷம் வந்த ஒரு காய்ச்சல் அதை வாரிக்கொண்டு போய்விட்டது.

பூவும் தெரியாது, புகையும் தெரியாது. தன் சட்டை நாறுகிறதா என்பதுகூடத் தெரியாது. மனைவி போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. 'குளிச்சியாடா? கிட்ட வராதே!' என்று சொல்வதற்கு ரிட்டையர் ஆன போஸ்ட்மேன் ஒருவன்தான் இருந்தான். வீட்டை எழுதிக் கேட்டு மாப்பிள்ளை நச்சரிப்பதைத் தினமும் இவரிடம்தான் புலம்புவான். மூக்குப் போன ரகசியம் தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

அவனோடுதான் சண்டை.

"கஸ்டமர்கிட்ட உண்மையைச் சொல்லிடுடா. எத்தனை நாளைக்கு நடிப்பே?" என்றான் போஸ்ட்மேன்.

"சொன்னா எவன் வண்டி குடுப்பான்? போடா, உன் வேலையைப் பார்த்துக்கிட்டு!" என்று இவர் கத்த, ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு போனவன்தான். அப்புறம் ஆளைக் காணோம். மழை வேறு கொட்டித் தீர்த்தது. அவனே கூப்பிடட்டும் என்று இவர் முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்கு எல்லாம் வெளியேதான். உள்ளுக்குள் அழுகை முட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளைக் கார் வந்து நின்றது.

இறங்கியவனுக்கு நாற்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட சட்டை. ஜோரான வாட்ச்.

"பாருங்க... தொட்டுப் பாருங்க, எவ்வளவு ஈரம்!" என்று பின் கதவைத் திறந்தான்.

"முடிச்சிட்டுக் கூப்பிடறேன் சார்."

"இல்லே... இங்கேயே உட்கார்றேன். வீட்ல ஊர்லேர்ந்து வர்றாங்க. ஸ்டேஷனுக்குப் போகணும்."

வாசல் பெஞ்சில் உட்கார்ந்து போனை நோண்ட ஆரம்பித்தான்.

மூக்கர் வேலையில் இறங்கினார். மூக்கு போனபின் கைதான் மூக்கு. மிதியடிகளை எடுத்து வெயிலில் போட்டார். ஸ்பேனரால் போல்ட்டுகளைக் கழற்றி முன்சீட்டுகள் இரண்டையும் தூக்கிச் சுவரோரமாக வைத்தார். அதுதான் அவர் பழக்கம். மேலே சென்ட் அடித்து ஏமாற்றுகிற ஜாதி இல்லை அவர். நாற்றம் என்பது கார்ப்பெட்டில் இல்லை, அதற்கும் கீழே தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடக்கும் ஃபோமில்தான் இருக்கும்.

பின்பக்கக் கார்ப்பெட்டை உரித்தார். ஃபோம் சொதசொதவென்று இருந்தது.

கதவின் உள்பக்க அட்டையைத் தடவினார்.

காய்ந்திருந்தது.

ஜன்னல் சுவிட்ச்... அதுவும் காய்ந்திருந்தது! சீட்டின் மேல்பக்கம், பெல்ட், எல்லாமே பொட்டு ஈரம் இல்லாமல்...

மூக்கர் நெற்றியைச் சுருக்கினார். ஜன்னல் வழியாக அடித்த மழை, ஜன்னலை நனைக்காமல் நேராகத் தரைக்கா போயிற்று?

"சார்... மழை எந்தப் பக்கத்துக் கண்ணாடி வழியா வந்துச்சு?"

"எல்லாப் பக்கமும்தான்! உங்களுக்கு எதுக்கு அது? வேலையைப் பாருங்க."

பழைய பேப்பரை மடித்து ஃபோமின் மேல் வைத்து அழுத்தினார். எடுத்தார்.

பழுப்புச் சிவப்பு!

துரு... துருவாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்துத் தையல் கடை அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, என்னண்ணே இது! காருக்குள்ள பினாயில் டின்னையே கவுத்து வச்சிருக்காங்களா? என் கடை வரைக்கும் குமட்டுது!"

மூக்கருக்கு சுரீரென்றது.

பினாயில்!

பூஞ்ச வாடை என்று சொன்னானே! ஊருக்கே வீசுகிற பினாயிலை வைத்துக்கொண்டு, மூக்கர் என்று பெயர் வாங்கியவனிடம் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல எவனுக்குத் தைரியம் வரும்?

இந்த மூக்கு செத்துப் போனது என்று தெரிந்தவனுக்குத்தான் வரும்!

'தொட்டுப் பாருங்க' என்றானே தவிர, எல்லா கஸ்டமரையும் போல 'மோந்து பாருங்க' என்று சொல்லவில்லையே!

யார் சொல்லியிருப்பார்கள்? உலகத்தில் ஒருத்தனுக்குத்தானே தெரியும்!

'அடப்பாவி போஸ்ட்மேன்... ஒரு சண்டைக்காக ரகசியத்தை ஊரெல்லாம் டமாரம் அடிச்சிட்டியேடா!'

கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இருந்த ஒரே ஆளும் இப்படி! இனி அந்த இரண்டாவது டம்ளரைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான்.

கடையின் பின்பக்கம் போய்ப் போனை எடுத்தார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மறுவேலை!

மணி போயிற்று...

"கொக்... கொக்... கொக்கரக்கோ...!"

சேவல் கூவியது!

மூக்கர் அப்படியே உறைந்து போனார்.

காது மந்தமான போஸ்ட்மேன், தன் போனில் வைத்திருக்கும் சேவல். அவனைக் கூப்பிடுகிற ஆள் இவரைத் தவிர யாரும் கிடையாது. அந்தச் சேவலை எழுப்புவதும் இவர் ஒருவர்தான்.

சேவல் கூவியது... வெள்ளைக் காரின் உள்ளிருந்து!

மெல்ல முன்பக்கம் வந்தார். காதிலிருந்த போனை எடுக்கவில்லை. காருக்குள், பின்சீட்டில் பெல்ட் பூட்டு இருக்கும் இடுக்கில், வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது.

வெள்ளைச் சட்டைக்காரன் எழுந்து நின்றிருந்தான். முகத்தில் ஒரு துளி ரத்தம் இல்லை.

"அது... என் போன்தான்."

"அப்படியா சார்? அப்ப எடுத்துப் பேசுங்களேன்," என்றார் மூக்கர். "லைன்ல நான்தான் இருக்கேன்."

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

மூக்கர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நேர்ல பார்த்ததில்லேன்னாலும் நீ யாருன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவன் வாய் ஓயாம சொல்ற மாப்பிள்ளை நீதானே? என் சிநேகிதனை என்னடா பண்ணினே?"

"கிழவன் வீட்டை எழுதிக் குடுத்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது!" என்று சீறினான் அவன். "மூக்கில்லாதவன் ஒருத்தன் இருக்கான்னு அவரே வீட்ல சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார். நீ நாலு காசு பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருப்பேன்னு நினைச்சேன்..."

வீட்டில் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறான். டமாரம் அடிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை மூக்கரின் நெஞ்சில் போய் இறங்கியது. அவனையா சந்தேகப்பட்டேன்!

அதற்குள் தரையில் கிடந்த ஸ்பேனர் அவன் கைக்கு வந்துவிட்டது. ஓங்கினான்!

மூக்கர் யோசிக்கவில்லை. ஃபோமில் தூவ வைத்திருந்த சமையல் சோடா டப்பாவை அப்படியே அவன் முகத்தில் கவிழ்த்தார்!

"ஆ...! கண்ணு...!"

தையல் கடை அக்கா ஊரே கிடுகிடுக்க அலறினாள். தெருவில் செருப்புகள் ஓடிவரும் சத்தம். அவன் தட்டுத் தடுமாறிக் காருக்குள் பாய்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, உட்கார்ந்தான்...

தொப்!

உட்கார அங்கே சீட் இல்லை. வெறும் தகரத்தில், கழற்றிப் போட்ட போல்ட்டுகளின் மேல் விழுந்து, கால்கள் மேலே போக, "ஐயோ... அம்மா..." என்று முனகினான். சாவி எங்கோ தெறித்துப் போயிருந்தது.

"சீட் இன்னும் மாட்டலே சார்," என்றார் மூக்கர். "சாயங்காலம் ஆகும்."

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரிடம் அவன் ஒரேயடியாகக் கக்கிவிட்டான். மழையில் மாமனாரைக் காரில் ஏற்றியது... தலையில் அடித்தது... செத்துவிட்டார் என்று நினைத்துக் கல் குவாரிப் பக்கம் பள்ளத்தில் தள்ளியது... திரும்பி வந்து பினாயிலும் தண்ணீருமாகக் கழுவியது...

மூக்கர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"குவாரிப் பக்கமா?" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "பெரியவரே, எழுந்திருங்க! லாரிக்காரங்க அங்கேர்ந்து ஒருத்தரைத் தூக்கிட்டு வந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. பேரு ஊரு தெரியாத கேஸ். நினைவு இல்லே... ஆனா மூச்சு இருக்கு!"

மூக்கர் போட்டது போட்டபடி ஓடினார்.

வார்டு கோடியில் கடைசிக் கட்டில். தலை முழுக்கக் கட்டு. அவன்தான்!

பக்கத்துக் கட்டில் நோயாளி மூக்கைப் பொத்தினார். நர்ஸ் இரண்டடி பின்வாங்கினாள். மூக்கருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்குகிற நிலையிலும் இல்லை.

"டேய்... நான் கத்தினது தப்புடா. எல்லார்கிட்டேயும் சொல்லிடறேன், மூக்கு போச்சுன்னு. நீ எழுந்திரு. டம்ளர் அப்படியே இருக்குடா..."

மானிட்டர் மட்டும் பீப்... பீப்... என்றது.

குனிந்து, அவன் நெஞ்சில் முகம் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நேற்றும் இன்றும் குளிக்காத உடம்பு. பினாயில் சட்டை. ஊறி நாறிய ஃபோம் தண்ணீர் சொட்டும் வேட்டி.

போஸ்ட்மேனின் மூக்கு துடித்தது.

முகம் அஷ்டகோணலாயிற்று. ஒரு கண் மெல்லத் திறந்தது.

"எட்டிப் போடா பாவி..." என்றான் ஈனக்குரலில். "மாப்பிள்ளை ஒரு தடவை சாகடிச்சது போதாதா?"