சிறுமலைக் கோப்பை

நஸீரா நாற்காலியில் உட்காரவில்லை.

“இன்னைக்குச் சாயங்காலம் கிளப் போர்டுல எங்க வாப்பா பேரை அழிக்கப் போறாங்க சார். நான் கள்ளத்தனம் பண்ணிட்டேனாம்.”

பாண்டியராஜ் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக வண்டி விபத்துகளை விசாரிப்பவர். “ஒண்ணொண்ணா சொல்லுங்க,” என்றார். அவருடைய உதவியாளர் அன்புக்கரசி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

திண்டுக்கல்லின் பழைய கார் கிளப் ஆண்டுதோறும் சிறுமலை ஏறும். பிறர் உதவியின்றி மேலே போய்ச் சேரும் கார்களில் மிகப் பழையதற்குக் கோப்பை. முந்தாநாள் அது நஸீராவுக்குக் கிடைத்தது. கார், கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான அவளுடைய வாப்பா கிதர் முகம்மது விட்டுச்சென்றது. அடுத்த பழைய கார் மோகன்குமாருடையது. கடைசி ஏற்றத்தில் ஒரு ஜீப் அவளுடைய காரைக் கயிறு கட்டி இழுத்ததைக் கண்ணால் பார்த்ததாக அவன் சொல்லிவிட்டான். மற்றவர்கள் அப்போது மேலே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கோப்பையை அவனே வச்சுக்கட்டும். வாப்பா பேர்ல கை வைக்கக் கூடாது.”

அன்புக்கரசியைப் பார்க்க நஸீரா கழுத்தைத் திருப்பவில்லை. உடம்போடு திரும்பினாள்.

“கழுத்துல என்ன?” என்றார் பாண்டியராஜ்.

“முந்தாநாள்ல இருந்து பிடிச்சிருக்கு. அதுவா இப்ப முக்கியம்?”

கார் பேகம்பூரில், அவர்களுடைய தோல் குடோனில் நின்றது. அன்புக்கரசி சீட்டைத் தூக்கினாள். அடியில் பெட்ரோல் டேங்க். “பம்ப்பையே காணோம் சார். தானா வழிஞ்சுதான் இஞ்சினுக்குப் போகுது.”

பாண்டியராஜ் குனிந்து முன் அச்சைப் பார்த்தார். பழைய கிரீஸின் மேல் தூசி கலையாமல் படிந்திருந்தது. பிறகு பின்பக்கம் போனார். வெளியே மாட்டியிருந்த ஸ்டெப்னியில் சிக்கியிருந்த உண்ணிச்செடிக் கிளையை உருவினார்.

“எப்படி மேல வந்தீங்கன்னு கிளப்ல சொன்னீங்களா?”

“வாயைத் திறந்தாலே கத்துறாங்க. எங்க சொல்ல?”

“நல்லது. நான் கேக்குற வரைக்கும் சொல்லாதீங்க.”

சாயங்காலம் கிளப்பில் யாரும் நஸீராவுக்கு நாற்காலி போடவில்லை. வாசலை ஒட்டி அவளுடைய கார் நின்றது. தலைவர் நல்லுசாமி கடிகாரத்தைப் பார்த்தார். மோகன்குமார் சிரித்தான். “ஏம்மா, ஆள் சேத்துக்கிட்டு வந்துட்டியா?”

“ஒரே ஒரு சந்தேகம்,” என்றார் பாண்டியராஜ். “கயிறை எதுல கட்டியிருந்தாங்க?”

“முன் அச்சுலதான். வேற எதுல கட்டுவாங்க?”

“நல்லாத் தெரிஞ்சுதா?”

“வளைவுல பத்தடி தள்ளித்தான் நின்னேன். நான் என்ன குருடனா?”

“இவங்க எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தாங்க?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? ரோட்டைப் பாத்துத்தான்.”

“கயிறைத் தவிர வித்தியாசமா ஏதாவது?”

“ஒண்ணுமில்ல. அம்புட்டுத்தான். எந்திரிங்க தலைவரே, பேரை அழிப்போம்.”

பாண்டியராஜ் நஸீராவைப் பார்த்தார். “இப்பச் சொல்லுங்க.”

“ரிவர்ஸ்ல ஏத்துனேன்,” என்றாள் அவள். “ஏத்தம் முழுக்க. மேல சமதளத்துல திருப்பிக்கிட்டேன்.”

யாரோ சிரித்தார். நல்லுசாமி சிரிக்கவில்லை.

“டேங்க் சீட்டுக்கு அடியில. பம்ப் கிடையாது,” என்றார் பாண்டியராஜ். “வண்டி மூக்கு மேல தூக்குனா பெட்ரோல் இஞ்சினுக்கு ஏறாது, நின்னுரும். பின்பக்கமா ஏத்துனா இஞ்சின் கீழ இருக்கும், பெட்ரோல் இறங்கும். அதான் ஸ்டெப்னியில மலைச்செடி சிக்கியிருந்துச்சு. ஏத்தம் முழுக்கத் திரும்பிப் பாத்து ஓட்டுனதுல கழுத்துப் பிடிச்சிருக்கு. முன் அச்சுல கயிறு உரசியிருந்தா கிரீஸை வழிச்சிருக்கும். தூசிகூடக் கலையல. போய்ப் பாருங்க.”

“அந்தக் காலத்துல இப்படித்தான் ஏத்துவாங்கன்னு எங்கப்பா சொல்லுவாரு,” என்றார் நல்லுசாமி மெதுவாக.

“மலையில ஒரு பொம்பளை காரைப் பின்பக்கமா ஏத்திக்கிட்டு வாறதைப் பத்தடியில பாத்தவன், கயிறைப் பத்தியா முதல்ல பேசுவான்? இவரு அந்த வளைவுலயே இல்ல. அந்த வண்டி ஏத்தத்துல நின்னுரும்னு தெரியும். அதை வச்சுக் கதை கட்டிட்டாரு.”

“ஆமா… ரிவர்ஸ்லதான்… பதட்டத்துல…” என்றான் மோகன்குமார். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்புக்கரசி பேரை அழிக்க மேசையில் எடுத்து வைத்திருந்த துணியையும் தின்னர் டப்பாவையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

“சரிம்மா, மனசுல வச்சுக்காத,” என்றார் நல்லுசாமி. “கையைக் குடுத்துட்டுப் போங்க ரெண்டு பேரும்.”

நஸீரா கையை நீட்டவில்லை. போர்டில் இருந்த பெயரை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்க் காரைக் கிளப்பினாள். முன்னால் நிறைய இடம் இருந்தது. அவள் ரிவர்ஸ் போட்டாள். பின்னால் வாசலில் மோகன்குமார் வந்து நின்றிருந்தான். ஹாரன் அடிக்கவில்லை, வேகத்தைக் குறைக்கவும் இல்லை. வலிக்கும் கழுத்தைத் திருப்பி அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவன்தான் விலகினான்.