தீர்ந்துபோன குச்சிக்கட்டு

1793ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி காலை, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மேற்கு எல்லையில், ஓக்கோனி ஆற்றின் கிழக்குக் கரை முகாமில், விவசாயிகளே சேர்ந்த குடிப்படையினர் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். எதிர்க்கரை கிரீக் என்னும் பழங்குடி மக்களின் நிலம்.

ரேச்சல் குதிரையிலிருந்து இறங்கியபோது அத்தனை பேரும் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் கணவன் டேனியல் நில அளவையாளன். திசைகாட்டியோடு ஆற்றைத் தாண்டிய அவனைக் கிரீக்குகள் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கருவிக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'நிலத்திருடன்'. கவர்னரிடம் முறையிட அகஸ்டா வரை போன ரேச்சல், "பார்க்கலாம்" என்ற ஒரே சொல்லோடு திரும்பியிருந்தாள். அவள் தாய் கிரீக் பெண், தகப்பன் ஸ்காட்லாந்து வணிகன். அந்த முகாமில் இரண்டு மொழியும் அறிந்தவள் அவள் ஒருத்திதான்.

"என்ன நடக்குது இங்க?"

கேப்டன் புரூயிட் மார்பை நிமிர்த்தினார். பருத்தி விவசாயி, படையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. "அவங்க வாக்குத் தவறிட்டாங்கம்மா. 20ஆம் தேதி ஒரு குச்சிக்கட்டு அனுப்பினாங்க. தினம் ஒரு குச்சி தூக்கி எறியணும், கடைசிக் குச்சி எறியுற நாள்ல உங்க வீட்டுக்காரரை ஆத்துத்துறையில விடுவோம்னு சொன்னாங்க. நேத்தோட குச்சி தீர்ந்துபோச்சு. ஆளைக் காணோம். நாளைக்கு உச்சிப்பொழுதுல நாங்க ஆத்தைத் தாண்டுறோம்."

"மொத்தம் எத்தனை குச்சி?"

"அதை யாரு எண்ணினா?"

"எண்ணவே இல்லையா?"

"எதுக்கு எண்ணணும்? தினம் ஒண்ணு போட்டா தானா தீரும். அதானே அவங்க முறை! நான் ஒருநாள்கூடத் தவறலை."

படை ஆற்றைத் தாண்டினால் முதலில் சாகப்போவது டேனியல். குச்சிக்கட்டு எப்போதும் இரட்டையாகத்தான் கட்டப்படும் என்பது ரேச்சலுக்குத் தெரியும். ஒன்றை அனுப்புவார்கள், அதே எண்ணிக்கையுள்ள மற்றொன்று ஊர்த்தலைவரிடம் இருக்கும். அதை நேரில் பார்த்துவிட வேண்டும்!

"நான் போய்ட்டு வரேன். நாளைக்கு உச்சிப்பொழுது வரைக்கும் ஒருத்தனும் தண்ணியில கால் வைக்கக் கூடாது."

"தனியா அனுப்ப மாட்டேன். சார்ஜென்ட் டாப்ஸ் கூட வருவான்."

டாப்ஸ் ஆறடி உயரம், இரண்டு ஆள் பருமன். ஆற்றில் இறங்கிய கணத்திலிருந்து புலம்பினான். தண்ணீர் ஜில்லென்றிருக்கிறது, குதிரை வழுக்குகிறது, கொசு கடிக்கிறது. நாணற்காட்டுக்குள் புகுந்ததும், "அம்மா, இங்க பாம்பு இருக்குமா?" என்றான்.

"இருக்கும். நீ பேசாம வந்தா அதுவும் பேசாம இருக்கும்."

பொழுது சாயும் நேரத்தில், ஊர் எல்லையில் ஐந்து வீரர்கள் துப்பாக்கியை உயர்த்திக்கொண்டு பாய்ந்து வந்தார்கள்! டாப்ஸ் கைகளைத் தூக்கினான். ரேச்சல் உரத்த குரலில் தன் தாயின் குலத்தைச் சொன்னாள். காற்றுக் குலம். துப்பாக்கிகள் தாழ்ந்தன.

ஊர்த்தலைவர் நொகோஸ் மிக்கோ அறுபதைத் தாண்டியவர். அவரும் கோபத்தில்தான் இருந்தார். "உங்க ஆளுங்க துப்பாக்கி துடைக்கிறதை என் ஒற்றர்கள் பாத்திருக்காங்க, மகளே. நாள் முடியறதுக்குள்ள என்ன அவசரம்?"

"நாள் முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்க, மாமா."

அவர் கூரையில் செருகியிருந்த கட்டை எடுத்துப் பாயில் வைத்தார். மூன்று குச்சிகள். "எட்டு அனுப்பினேன். இதுல இன்னியோட அஞ்சு எறிஞ்சாச்சு. மத்த ஊர்த்தலைவர்கள் 27ஆம் தேதிதான் வந்து சேருவாங்க. அவங்க பார்க்கத்தான் ஆளை ஒப்படைக்கணும்."

ரேச்சல் மெதுவாக டாப்ஸ் பக்கம் திரும்பினாள். "நாலே நாள்ல எட்டுக் குச்சி எப்படிப் போச்சு?"

டாப்ஸின் முகம் சிவந்தது. "காலையில கேப்டன் ஒண்ணு எறிவார்..."

"சரி."

"சாயங்காலம் நான் ஒண்ணு எறிவேன். அவர் மறந்துட்டா வம்பாயிடுமேன்னுதான்!"

ரேச்சல் அதைக் கிரீக் மொழியில் சொன்னாள். தலைவர் நம்பவில்லை. மறுபடி சொன்னாள். அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இவங்ககிட்டயா நாங்க நிலத்தைப் பறிகொடுத்துட்டு இருக்கோம்?"

மறுநாள் அவர்கள் குதிரைகளை விரட்டிக்கொண்டு துறைக்கு வந்தபோது, உச்சிப்பொழுதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆனால் படை முழங்கால் ஆழத்தில் நின்றது! மேற்குக் கரை மரங்களுக்குப் பின்னால் கிரீக் வீரர்கள் குறிவைத்திருந்தார்கள். ரேச்சல் குதிரையை நடு ஆற்றில் குறுக்கே நிறுத்தினாள்.

"நில்லுங்க! எட்டு நாள்ல இன்னிக்கு ஆறாவது நாள்!"

"வழி விடுங்கம்மா! குச்சி தீர்ந்துபோச்சு!" என்று கத்தினார் கேப்டன்.

"டாப்ஸ், சொல்லு."

டாப்ஸ் குதிரையை அவள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். முகாமில் இத்தனை நாள் தனக்குக் கிடைத்த மரியாதை அத்தனையும் ஆற்றோடு போகப் போவது அவனுக்குத் தெரிந்திருந்தது. இருந்தும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "ஐயா, சாயங்காலக் குச்சியெல்லாம் நான்தான் எறிஞ்சேன்!"

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அடுத்தவன் சிரித்தான். கேப்டனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவர்களை யுத்தத்துக்குக் கூட்டிப்போக முடியாது என்பது அவருக்கே புரிந்தது.

"என்னைக் கேட்டிருக்கக் கூடாதாடா?" என்றார்.

"நீங்களும் என்னைக் கேக்கலையே, ஐயா!"

படை கரையேறியது. ஒருவரையொருவர் கேட்டுவிட்டுக் காரியம் செய்வது நல்லது என்று அன்று முழுக்க டாப்ஸ் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னான். யாரும் காதில் வாங்கவில்லை.

27ஆம் தேதி காலை நான்கு ஊர்த்தலைவர்கள் முன்னிலையில் டேனியல் துறையில் ஒப்படைக்கப்பட்டான். கால் வீங்கியிருந்தது, வேறு காயமில்லை. ரேச்சல் அவனைத் தன் குதிரையில் ஏற்றி வீட்டுக்கு அழைத்துப்போனாள். திசைகாட்டியைக் கிரீக்குகள் திருப்பித் தரவில்லை.